புள்ளி கடலில் நிற்கிறதா? வரைபடத்தையும் கிராஃப்பையும் கோர்க்கும்போது வரும் பிழைகள், அறிகுறி வாரியாக

"அண்ணா, என்ட கட்டம் எல்லாம் கடலுக்குள்ள நிக்குது." இரவு பதினொரு மணிக்கு ஒரு பல்கலைக்கழகத் தங்கச்சி வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினாள். மட்டக்களப்பு வாவியோரம் 48 இடத்தில், அதாவது 48 கட்டத்தில், கண்டல் மரங்களை அளந்து, ஒவ்வொரு இடத்திலும் ஜிபிஎஸ் எடுத்து, சேற்றில் ஒரு சோடிச் செருப்பையும் பறிகொடுத்துவிட்டு வந்த பிள்ளை. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கொண்டுவந்து போட்டால் வங்காள விரிகுடா நடுவே 48 புள்ளி. அன்றைக்கு அதைச் சரிசெய்தோம். அடுத்த நாள் வேறொன்று, அதற்கடுத்த நாள் இன்னொன்று. அந்த ஒரு மாதத்தில் பார்த்தவை, அதற்கு முன்னர் நானே பட்டவை எல்லாவற்றையும் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்துப் பிரித்து எழுதுகிறேன்.

வேலை இதுதான். ஒரு விண்டோவில் வரைபடம், இன்னொரு விண்டோவில் கிராஃப். கிராஃப்பில் நுனிக் கருகல், அதாவது கிளை நுனி காய்ந்து சாவது, அதிகமாக உள்ள புள்ளிகளை வளைத்துப் பிடித்தால் அதே கட்டங்கள் வரைபடத்திலும் ஒளிர வேண்டும். வரைபடத்தில் பாலமீன்மடுப் பக்கத்தை வளைத்தால் அந்தக் கட்டங்கள் கிராஃப்பில் எங்கே கிடக்கின்றன என்று தெரிய வேண்டும். காட்டின் சுகத்தைப் பார்க்க இது நல்ல வழி, ஏனென்றால் மரம் ஏன் வாடுகிறது என்பதில் பாதி அது நிற்கும் இடத்தில் இருக்கிறது, மீதி அளவுகளுக்கு இடையிலான உறவில் இருக்கிறது. புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவில் 1990இல் காட்டுச் சுகக் கண்காணிப்பு என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அந்தத் தசாப்தத்திலேயே ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சைமன்சிக், மஜூர், குக் ஆகியோர் ஆர்க்வியூ வரைபட மென்பொருளையும் எக்ஸ்கோபி என்ற கிராஃப் மென்பொருளையும் ஒன்றோடொன்று பேச வைத்து, காட்டுத் தரவை அதில் போட்டுப் பார்த்தார்கள். இன்றைக்கு நமக்குக் காசில்லாமல் மூன்று வழி இருக்கிறது: கியூஜிஐஎஸ்ஸும் அதற்குள் கிராஃப் போடும் டேட்டாபிளாட்லி செருகியும், வரைபடமும் கிராஃப்பும் சேர்ந்தே உள்ள ஜியோடா, அல்லது ஆர் என்ற கணினி மொழியில் லீஃப்லெட் (வரைபடம்), பிளாட்லி (கிராஃப்), கிராஸ்டாக் (இரண்டையும் கோர்ப்பது) மூன்றையும் சேர்த்து.

எதை எடுத்தாலும் இரண்டு விண்டோவுக்கும் நடுவில் ஓடுவது ஒரே நூல்தான், கட்ட இலக்கம். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை அந்த நூல் அறுந்ததால் அல்லது சிக்கியதால் வந்தவை. மென்பொருளைத் திருப்பித் திருப்பி இன்ஸ்டால் செய்து ஒரு பின்னேரத்தையே வீணாக்கியவர்கள் எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன்.

புள்ளி எல்லாம் கடலில், அல்லது வேறு நாட்டில்

எங்கே போய் விழுந்திருக்கிறது என்பதைப் பாருங்கள், அந்த இடமே காரணத்தைச் சொல்லிவிடும்.

வடகிழக்கே, வங்காள விரிகுடாவின் நடுவில் என்றால் இடத்துக்கு எண் கொடுக்கும் இரண்டு இலங்கை ஆள்கூற்றுக் கட்டமைப்புகளைக் குழப்பியிருக்கிறீர்கள். நம் நாட்டில் கந்தவல (Kandawala) கட்டமைப்பு என்று பழையது ஒன்று, 1999இல் வந்த எஸ்எல்டி99 என்று புதியது ஒன்று. இரண்டுக்கும் மையம் பிதுருதலாகலை மலைதான், ஆனால் பழையதில் அந்த மையத்துக்கு 200,000, 200,000 என்று எண் கொடுத்திருக்கிறார்கள், புதியதில் 500,000, 500,000. மட்டக்களப்பு நகரம் பழையதில் ஏறத்தாழ 302,000 கிழக்கு, 280,000 வடக்கு. புதியதில் 602,000, 580,000. புதிய எண்ணைக் கொடுத்துவிட்டு இது பழையது என்று சொன்னால் புள்ளி 300 கிலோமீற்றர் கிழக்கே போய், இன்னொரு 300 கிலோமீற்றர் வடக்கே ஏறிவிடும். மறுவளமாகச் செய்தால் காலிக்குத் தென்மேற்கே கடலில் விழும். தங்கச்சியின் 48 கட்டமும் முதல் வகை. ஒவ்வொரு கட்டமைப்புக்கும் இபிஎஸ்ஜி என்று ஒரு குறியீட்டு எண் உண்டு. கியூஜிஐஎஸ்ஸில் அவள் பழையதான 5234ஐத் தேர்ந்திருந்தாள், வேண்டியது புதியதான 5235. ஓர் இலக்கம்தான்.

புள்ளிகள் அத்தனையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே புள்ளியாகக் குவிந்து, மாலைதீவுக்குக் கிழக்கே எங்கேயோ கடலில் கிடக்கிறதா? பாகையில் உள்ள எண்ணை மென்பொருள் மீற்றர் என்று நினைத்துக்கொண்டது. 81.70 பாகைக்கும் 81.75 பாகைக்கும் இடையில் ஐந்து கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது, ஆனால் மீற்றர் என்று எடுத்தால் ஐந்து சென்ரிமீற்றர். அதுதான் குவிகிறது.

வட துருவத்துக்குக் கிட்ட, ஸ்வால்பாட் தீவுப் பக்கம் போய்விட்டதா? அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறிவிட்டன. எக்ஸ் என்றால் கிழக்கு, அதாவது 81 சொச்சம். வை என்றால் வடக்கு, 7 சொச்சம். இதை எத்தனை தரம் சொன்னாலும் எல்லோரும் ஒருமுறை மாற்றிப் போடுவார்கள், நான் நேற்றும் போட்டேன்.

இதைவிடக் கள்ளமான ஒன்று உண்டு. புள்ளி நாட்டுக்குள்தான் இருக்கும், ஆனால் கண்டல் கட்டங்கள் மகா ஓயாப் பக்கத்துக் காட்டுக்குள் நிற்கும். கையடக்க ஜிபிஎஸ் பலவற்றில் ஆரம்பத்திலேயே பாகையும் தசம நிமிடமுமாகக் காட்டும் அமைப்பு இருக்கும். 7 பாகை 43.5 நிமிடம் என்று அது காட்டுவதை அப்பியாசக் கொப்பியில் 7.435 என்று எழுதிவிட்டு வந்தால் கதை முடிந்தது. 43.5ஐ 60ஆல் பிரித்து 7ஓடு கூட்ட வேண்டும், சரியான எண் 7.725. வித்தியாசம் 32 கிலோமீற்றர், தெற்கே. நெட்டாங்கிலும் அதே பிழை நடப்பதால் மேற்கேயும் இழுத்துக்கொண்டு போய்விடும். கண்டுபிடிக்க ஒரு சுகமான வழி: நிமிடம் 60ஐத் தொடாது, ஆகவே உங்கள் அட்டவணை நிரலில் (column) தசமத்துக்குப் பின்னால் வரும் எண் எல்லாம் .60க்குக் கீழேயே இருந்தால் சந்தேகப்படுங்கள். பரந்த இடத்தில் எடுத்த தரவென்றால் கிராஃப்பில் .60க்கும் அடுத்த பாகைக்கும் நடுவே ஒரு வெறுமை பளிச்சென்று தெரியும்.

சில நூறு மீற்றர் மட்டும் நகர்ந்து, எல்லாக் கட்டமும் ஒரே பக்கமாக வாவித் தண்ணீருக்குள் இறங்கியிருந்தால் கட்டமைப்புச் சரி, ஆனால் கந்தவலவிலிருந்து ஜிபிஎஸ்ஸின் டேட்டத்துக்கு, அதாவது அது பூமியை அளக்கும் அடிப்படைக்கு, மாற்றும் படி நடக்கவில்லை. கண்டல் பட்டை பல இடத்தில் அகலம் குறைந்தது, அதனால் நமக்கு இது உடனே தெரிந்துவிடும். லகுகலைக் காட்டில் வேலை செய்பவருக்குத் தெரியாது, எல்லாப் பக்கமும் மரம்தானே.

இந்த இடத்தில் ஒரு விசயத்தை வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். லேயரில் வலது கிளிக் செய்து 'சிஆர்எஸ்ஸை அமை' (சிஆர்எஸ் என்றால் இந்த ஆள்கூற்றுக் கட்டமைப்புத்தான்) என்று கொடுப்பது போத்தலில் லேபல் ஒட்டுவது மாதிரி. சீனிப் போத்தலில் உப்பு என்று ஒட்டினால் சீனி உப்பாகாது. உண்மையில் எண்களை மாற்ற வேண்டுமென்றால் ஏற்றுமதி செய்து வேறு கட்டமைப்பில் சேமிக்க வேண்டும். முதலில் லேபலைச் சரியாக ஒட்டுங்கள், அப்புறம் மாற்றுங்கள். தூரம் அளக்கும் வேலை வருமென்றால் மீற்றரில் அளக்கும் எஸ்எல்டி99 அல்லது யூடிஎம் 44 வடக்கு, அதாவது இபிஎஸ்ஜி 32644, இரண்டில் ஒன்றுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் "தூரம் 0.003 என்று வருகிறது" என்று இன்னொரு இரவு செய்தி வரும்.

கிராஃப்பில் ஒன்றைப் பிடித்தால் வரைபடத்தில் வேறொன்று ஒளிர்கிறது

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கடலில் விழுந்த புள்ளி தன் பிழையைத் தானே சொல்லிவிடும். இது எதுவும் சொல்லாது. எல்லாம் வேலை செய்கிற மாதிரியே இருக்கும், ஒளிரும், நிறம் மாறும், ஆய்வறிக்கையும் எழுதிவிடலாம்.

காரணம் வரிசை. சில இணைப்புகள் இலக்கத்தைப் பார்ப்பதில்லை, வரியைத்தான் பார்க்கின்றன: இங்கே ஏழாவது வரி என்றால் அங்கேயும் ஏழாவது வரி. இரண்டு பக்கமும் ஒரே ஒழுங்கில் இருக்கும்வரை ஒரு குறையும் வராது. ஒரு பக்கம் யாராவது தரவை அடுக்கிவிட்டால் போச்சு. ஆர் மொழியில் இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கும் 'மேர்ஜ்' கட்டளை, நீங்கள் கேட்காமலேயே வரிகளை இலக்கப்படி அடுக்கிவிடும், பொருத்தம் இல்லாத வரிகளைத் தூக்கியும் எறிந்துவிடும். இலக்கம் எழுத்தாகப் பதிவாகியிருந்தால் அடுக்கும் விதமே வேறு: 1, 10, 11, 12 என்று போய் 19 முடிந்த பிறகுதான் 2 வரும். இந்தப் பக்கம் இரண்டாவது வரியில் 2ஆம் கட்டம், அந்தப் பக்கம் இரண்டாவது வரியில் 10ஆம் கட்டம். வாகரையில் அளந்த மரம் கல்லடியில் ஒளிரும்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். எக்செல்லில் நுனிக் கருகல் நிரலை மட்டும் தெரிவு செய்து பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினேன். அது ஒரு பெட்டியைக் காட்டி, பக்கத்து நிரல்களையும் சேர்த்து அடுக்கட்டுமா என்று கேட்டது. அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டேன். கருகல் எல்லாம் முதல் கட்டங்களில் குவிந்துவிட்டது, முதல் கட்டங்கள் வடக்கே இருந்தன, ஆக வடக்கே காடு சாகிறது என்று எனக்கு ஓர் அருமையான முடிவு கிடைத்தது. இரண்டு நாள் சந்தோசமாக இருந்தேன்.

இதைப் பிடிக்க நான் இப்போது எப்போதும் செய்வது ஒரு சின்னச் சோதனை, முகத்துவாரச் சோதனை என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். கிராஃப் மென்பொருளில் கருகல், அடர்த்தி எதுவும் வேண்டாம், முதலில் கிழக்கு எண்ணையும் வடக்கு எண்ணையும் மட்டும் எடுத்து ஒரு புள்ளிக் கிராஃப் போடுங்கள். வாவியின் உருவம் அதில் தெரிய வேண்டும். பிறகு உங்களுக்கு நேரில் தெரிந்த ஒரு கட்டத்தை, எனக்கு அது பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கட்டம், கிராஃப்பில் தொடுங்கள். வரைபடத்தில் வெளிச்சவீட்டடியில் ஒளிர்ந்தால் நூல் சரி. வேறெங்காவது ஒளிர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இந்தச் சோதனை அட்டவணையில் இருக்கும் இட எண்ணைத்தான் நம்புகிறது, ஆகவே என்னைப் போல ஒரு நிரலை மட்டும் குழப்பியவர்களை இது காப்பாற்றாது. அதற்கு வெளிக்களக் கொப்பியை எடுத்து ஐந்து கட்டத்தைக் கண்ணை மூடித் தொட்டு ஒப்பிட வேண்டும். எனக்கு மூன்றாவது கட்டத்திலேயே வேர்த்துவிட்டது.

சரிசெய்வது இலகு. வரியை நம்பாமல் இலக்கத்தால் இணையுங்கள். கிராஸ்டாக்கில் தரவைப் பகிரும்போது எந்த நிரல் திறவுகோல், அதாவது எதை வைத்து இணைப்பது, என்று சொல்லலாம், சொல்லுங்கள்.

இணைத்தேன், புதிய நிரல் எல்லாம் வெறுமை

இலக்கம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரியும், ஆனால் ஒன்று எண், மற்றது எழுத்து. அல்லது எக்செல் 007ஐ 7 ஆக்கிவிட்டது. அல்லது இலக்கத்துக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, போனில் தட்டச்சுச் செய்தவர்களிடம் இது கட்டாயம் இருக்கும். மோசமானது திகதி: மூன்றாம் வலயம், பன்னிரண்டாம் கட்டம் என்று 3-12 என எழுதி வைத்தால் எக்செல் அதை டிசம்பர் 3 அல்லது மார்ச் 12 ஆக்கிவிடும், பழைய எழுத்துத் திரும்பி வராது. கட்ட இலக்கத்தை எப்போதும் ஓர் எழுத்தில் தொடங்குங்கள், க312 மாதிரி. நிலைமை கைமீறியிருந்தால் மூலச் சிஎஸ்வியை (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) எக்செல்லில் திறக்காமல் நேரே கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றுங்கள். ஏற்றும் பெட்டியில் புல வகையைத் தானாகக் கண்டுபிடிக்கும் டிக்கை எடுத்துவிட்டு, வெற்றிடங்களை வெட்டும் டிக்கைப் போடுங்கள்.

ஜியோடாவில் சேர்க்கும்போது திறவுகோல் இரட்டிக்கிறது என்று மறுத்தால் அதற்கு நன்றி சொல்லுங்கள். ஒரே இலக்கத்தில் இரண்டு கட்டம் இருக்கிறது என்பதை உங்களுக்கு முதலில் சொன்னது அதுதான்.

ஒரு புள்ளியைத் தொட்டால் பத்து ஒளிர்கிறது

இது பிழையாகவும் இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். இரண்டு காரணம்.

ஒன்று, நாம் அளக்கும் விதம். அமெரிக்கத் திட்டத்தில் மரத்தலையின் அடர்த்தி, நுனிக் கருகல், இலைக்கூட்டத்தினூடே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்பவற்றை 5 சதவீதப் படிகளில் மதிப்பிடுவார்கள். தங்கச்சியும் அதையே பின்பற்றியிருந்தாள். கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவுக்கு அதைவிட நுணுக்கம் போலியாகத்தான் இருக்கும், ஆகவே முறை நல்லது. ஆனால் கிராஃப்பில் என்னவாகும்? எல்லா மரமும் 5, 10, 15 என்ற சதுரக் கோடுகளின் சந்தியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துவிடும். ஒற்றைப் புள்ளி மாதிரித் தெரிவது உண்மையில் முப்பது மரமாக இருக்கலாம். புள்ளிகளைக் கொஞ்சம் சிதறவிடுங்கள், அதாவது கிராஃப்புக்காக மட்டும் கூட்டியோ குறைத்தோ இரண்டு சதவீதத்துக்குள் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்துப் புதிய நிரலில் வைத்துக்கொள்ளுங்கள். மூல நிரலைத் தொடாதீர்கள், சராசரி எடுக்கும்போது அதுதான் வேண்டும். சிதறவிட முடியாவிட்டால் புள்ளியைப் பாதி ஊடுதெரியும்படி வையுங்கள், கறுத்த இடத்தில் கூட்டம் இருக்கிறது.

மற்றது, மரமும் கட்டமும். வரைபடத்தில் ஒரு புள்ளி ஒரு கட்டம், கிராஃப்பில் ஒரு புள்ளி ஒரு மரம். ஒரு மரத்தைத் தொட்டால் அதன் கட்டம் ஒளிர்கிறது, கட்டம் ஒளிர்ந்ததும் அதிலுள்ள எல்லா மரமும் ஒளிர்கின்றன. நூல் சரியாகத்தான் வேலை செய்கிறது. நீங்கள் எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று முடிவெடுங்கள். கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிடுவதென்றால் மரங்களைக் கட்டவாரியாகச் சுருக்கி 48 வரி கொண்ட அட்டவணை ஒன்று செய்யுங்கள். சராசரி மட்டும் போதாது, அதிகூடிய கருகலையும் ஒரு நிரலில் வையுங்கள், ஏனென்றால் இருபது நல்ல மரத்துக்கு நடுவில் செத்துக்கொண்டிருக்கும் இரண்டைச் சராசரி விழுங்கிவிடும்.

எதைத் தொட்டாலும் ஒன்றும் ஒளிரவில்லை

டேட்டாபிளாட்லியில் கிராஃப்பைத் தொட்டால் வரைபடத்தில் தெரிவாகும். வரைபடத்தில் தெரிவு செய்தால் கிராஃப் தானாக மாறும் என்று காத்திருக்காதீர்கள். தெரிவு செய்தவற்றை மட்டும் பயன்படுத்து என்ற டிக்கைப் போட்டுக் கிராஃப்பைப் புதுப்பிக்க வேண்டும். இந்த ஒருவழிப் பாதை பிடிக்காதவர்கள் ஜியோடாவுக்குப் போங்கள். அங்கே எந்த விண்டோவில் பிடித்தாலும் மற்ற எல்லாவற்றிலும் பிடிபடும், கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி ஒரு பெட்டி வரைந்து அது மினுங்கத் தொடங்கியதும் நகர்த்தினால் பெட்டி போகும் இடமெல்லாம் வரைபடம் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணையும். முதல் தரம் அதைப் பார்த்தபோது நான் சின்னப் பிள்ளை மாதிரி பத்து நிமிடம் வாவிக்கு மேலே பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் ஜியோடாவும் கியூஜிஐஎஸ்ஸும் ஒன்றோடொன்று கதைக்காது. ஒன்றில் திருத்தினால் சேமித்து மற்றதில் திரும்பத் திறக்க வேண்டும்.

ஆர் மொழியில் என்றால் அநேகமாகத் தரவை இரண்டு தரம் பகிர்ந்திருப்பீர்கள், லீஃப்லெட்டுக்கு ஒன்று, பிளாட்லிக்கு ஒன்று. குழுப் பெயர் கொடுக்காவிட்டால் கிராஸ்டாக் ஒவ்வொன்றையும் தனிக் குழுவாக எடுக்கும். ஒரே பொருளை இரண்டுக்கும் கொடுங்கள், அல்லது இரண்டுக்கும் ஒரே குழுப் பெயர் வையுங்கள். கிளிக் செய்தால் ஒளிர்கிறது, வளைத்துப் பிடித்தால் ஒளிரவில்லை என்றால் பிளாட்லியின் ஒளிர்த்தும் கட்டளையில் 'தெரிவு' நிகழ்வைச் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் அது கிளிக்கை மட்டும்தான் கேட்கும். அத்தோடு, தனித்தனிப் புள்ளியைக் காட்டும் படங்களுக்குத்தான் கிராஸ்டாக். தொகுத்த பட்டை வரைபுகளிடமிருந்து அதை எதிர்பார்க்க வேண்டாம்.

தமிழ்ப் பெயர்கள் கொம்பு முளைத்த எழுத்தாகிவிட்டன

எக்செல்லில் சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்து சேமியுங்கள். ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வகையில் தமிழில் நிரல் தலைப்பு வைக்காதீர்கள்: அதற்குத் தலைப்பில் பத்து பைட்டுத்தான் இடம், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, ஆகவே 'உயரம்' என்ற சின்னச் சொல்கூட உள்ளே போகாது. ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகையில் சேமித்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நான் ஷேப்ஃபைலை விட்டு வருடக்கணக்காகிறது.

எல்லாப் புள்ளியும் ஒரு மூலையில், ஒன்று மட்டும் தூரத்தில்

-99. அளக்காத இடத்துக்கு யாரோ போட்ட எண். வடிகட்டித் தூக்குங்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது 0: நுனிக் கருகலில் 0 என்பது நல்ல சுகமான மரம், வெறுமை என்பது அளக்காத மரம். ஷேப்ஃபைலில் சேமிக்கும்போது வெறுமையான எண்கள் 0 ஆகிவிடலாம், அப்படியானால் போகாத கட்டமெல்லாம் ஆரோக்கியமான கட்டமாகிவிடும்.

கணினி உறைந்துவிட்டது

பெரும்பாலும் ஒரு படம்தான் காரணம், வேரியோகிராம் மேகம். அதில் ஒரு புள்ளி ஒரு மரமோ கட்டமோ இல்லை, ஒரு சோடி. இரண்டு இடத்துக்கும் உள்ள தூரம் ஓர் அச்சில், அளவுகளின் வித்தியாச வர்க்கத்தின் பாதி மற்ற அச்சில். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்க்க அருமையான படம். தூரம் குறைவாக, வித்தியாசம் கூடுதலாக உள்ள புள்ளியைத் தொட்டு, அது வரைபடத்தில் எந்த இரண்டு கட்டம் என்று பார்த்தால் அங்கே ஏதோ இருக்கிறது. 48 கட்டத்துக்கு 1,128 சோடி, கணினி சிரித்துக்கொண்டே செய்யும். தங்கச்சி கட்டத்துக்குப் பதிலாக 900 மரத்தையும் கொடுத்துவிட்டாள், 404,550 சோடி. மடிக்கணினியின் விசிறி சத்தம் வீட்டுக்காரருக்கே கேட்டிருக்கும்.

அதுவும் பயனில்லாத சோடிகள். அமெரிக்க அமைப்பில் ஒரு கட்டம் என்பது 7.3 மீற்றர் ஆரையுள்ள நான்கு வட்டம், நடுவில் ஒன்று, சுற்றிவர மூன்று. (நம் வாவியோரத்தில் அது முழுதாக அடங்காது, ஒரு வட்டம் தண்ணீருக்குள் போகும், அது வேறு கதை.) இலைக்கூட்டத்துக்கு அடியில் நின்று போன் ஜிபிஎஸ்ஸில் எடுத்தால் ஐந்து, பத்து மீற்றர் பிழை சாதாரணம். ஒரு வட்டத்துக்குள் உள்ள மரங்களின் தூரத்தை அதை வைத்துப் பேசுவதில் பொருள் இல்லை. கட்ட மையத்தை மட்டும் வையுங்கள்.

எல்லாம் ஒளிர்கிறது, ஆனால் காடே செத்துவிட்டதாகக் காட்டுகிறது

கள அளவோடு செயற்கைக்கோள் பசுமைச் சுட்டியையும், அதாவது என்டிவிஐயையும் சேர்த்தவர்களுக்கு இது வரும். 2021 வரை பசுமை 0.76, 2022இலிருந்து 0.48, எல்லாக் கட்டத்திலும் ஒரே நேரத்தில் விழுந்திருக்கிறது. நோய் வந்தால் அப்படி வராது, ஒரு மூலையில் தொடங்கிப் பரவும். எல்லா இடமும் ஒரே நாளில் விழுந்தால் காட்டைப் பார்க்காதீர்கள், கோப்பைப் பாருங்கள்.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் 2022 ஜனவரி 25இல் ஒரு மாற்றம் செய்தார்கள். அதற்கு முன் படத்தில் உள்ள எண்ணை 10,000ஆல் பிரித்தால் தெறிப்பு, அதாவது பட்ட ஒளியில் திரும்பி வரும் பங்கு, வரும். அன்றிலிருந்து வந்த 04.00 பதிப்பில் முதலில் 1,000ஐக் கழித்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். அகச்சிவப்பில் 0.30, சிவப்பில் 0.04 தெறிக்கும் ஒரு கண்டல் கட்டம்: இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் பிரிப்பதுதான் சுட்டி, 0.26ஐ 0.34ஆல் பிரித்தால் 0.76. கழிக்காமல் விட்டால் எண்கள் 4,000, 1,400. 2,600ஐ 5,400ஆல் பிரித்தால் 0.48. ஓர் இலைகூட உதிரவில்லை. பழைய படங்களும் பிறகு புதிய பதிப்பில் திரும்பச் செய்யப்பட்டிருப்பதால் படத்தின் திகதியை மட்டும் நம்பாமல் அதன் கூடவரும் தகவலில் பதிப்பு இலக்கத்தைப் பாருங்கள். கூகுள் எர்த் எஞ்சினில் எடுப்பவர்கள் 'ஹார்மனைஸ்டு' என்ற தொகுப்பை எடுத்தால் இந்தக் கழித்தல் ஏற்கெனவே நடந்திருக்கும்.

இல்லாவிட்டால் மாதம். ஐப்பசி கார்த்திகையில் மாரி தொடங்குகிற ஊரில், ஆகஸ்ட் படத்தையும் ஜனவரிப் படத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் வராமல் என்ன செய்யும்? அதுவும் லகுகலை, பொத்துவில் பக்கத்துக் காட்டில் பாலையும் வீரையும் பசுமையாக நின்றாலும் கீழே புல் காய்ந்து கிடக்கும். ஆகஸ்ட்டை ஆகஸ்ட்டோடு ஒப்பிடுங்கள், மாரியில் முகில் இல்லாத படம் கிடைப்பதும் கடினம். வாவியில் இன்னொன்றும் உண்டு: முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்து நீர்மட்டமும் உப்பும் மாறும், மர அடியில் தண்ணீர் ஏறி நின்றால் சுட்டியும் இறங்கும். படத் திகதிக்கு முகத்துவாரம் எப்படி இருந்தது என்று ஒரு நிரல் வையுங்கள், மீன்பிடிக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1978 நவம்பர் சூறாவளியில் காடு எப்படி முறிந்தது என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு அதைச் சென்டினல்-2இல் தேடாதீர்கள், அதன் முதல் செயற்கைக்கோளே 2015இல்தான் ஏறியது. அதைவிடப் பழைய லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் தேடலாம்.

எல்லாம் திருத்திய பிறகும் அடங்காத ஒரு புள்ளிக்கூட்டம்

தங்கச்சியின் தரவில் இறுதியாக மிஞ்சியது நான்கு கட்டம். அடர்த்தி குறைவு, இலையூடே வெளிச்சம் அதிகம், ஆனால் நுனிக் கருகல் 0. வாடும் மரம் அப்படி இருக்காது. கிராஃப்பில் பிடித்தோம், வரைபடத்தில் நான்கும் கரைக்கு உட்பக்கமாக, சற்று மேடான இடத்தில் ஒளிர்ந்தன. இலக்கம் சரி, கொப்பி சரி, -99 இல்லை. ஒரு சனிக்கிழமை தோணியில் போய்ப் பார்த்தோம். தோணிக்கார ஐயா கிட்டப் போகமுன்னரே துடுப்பைத் தூக்கிக் காட்டினார். "அது தில்லை மரம் தம்பி. அது அப்பிடித்தான், இலை சிவந்து கொட்டும், பேந்து துளிர்க்கும். கண்டல்ல ஏறின மாதிரி அதில கைய வைக்காதீங்க, பால் கண்ணில பட்டா பார்வை போயிடும்."

கொப்பியில் மர இனத்துக்கு நிரலே இருக்கவில்லை, எல்லாம் கண்டல் என்று எழுதியிருந்தது. அந்த நிரலைச் சேர்த்து, இனவாரியாக நிறம் போட்டதும் நான்கு புள்ளியும் தனி நிறத்தில் ஒதுங்கி நின்றன. மற்ற 44 கட்டத்தையும் திருப்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் தங்கச்சி கேட்ட முதல் கேள்வி, செருப்பு எங்கே வாங்கலாம் என்பது.